முட்டி வலிக்காமல் ஓட டிரில் உதவுமா? எதை, எப்படி, எவ்வளவு செய்வது

எங்கள் ஊர் கிரவுண்டில் காலை ஐந்தரைக்குப் போனால் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் பிள்ளைகள் முப்பது நாற்பது பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், 400 மீட்டர் டிராக்கில் அது மூன்றே முக்கால் ரவுண்டு. போன மார்கழியில் அந்தக் கூட்டத்தில் ஒரு தம்பி ஓரமாக உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னப்பா என்று கேட்டேன். ஓட ஆரம்பித்து மூன்று வாரத்திலேயே முட்டிக்கு முன்பக்கம் வலி, ஓடும்போது கூடத் தாங்கிக்கொள்ளலாம், வீட்டு மாடிப்படி இறங்கும்போதுதான் உயிர் போகிறது என்றான். "டிரில் பண்ணினா சரியாயிடும்னு வீடியோல சொல்றாங்கண்ணா, எந்த டிரில் பண்றது?"

ஒரு ரவுண்டு மெதுவாக ஓடிக் காட்டச் சொன்னேன். கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் முதலில் தெரிந்தது: தொப், தொப் என்று ஒவ்வொரு காலடியும் எதிர்ப்பக்கம் வரை கேட்டது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய், முட்டி நீட்டி விறைத்திருக்கும் நிலையில், குதிகாலில் இறங்குகிறது. வலது கால் தரையில் படுவதை 30 விநாடி எண்ணினேன், 39 வந்தது. நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு 156 எட்டு, அதாவது 156 காலடி. அவன் ஷூவைக் கழற்றிப் பார்த்தபோது குதிகால் ஓரம் மட்டும் சப்பையாகத் தேய்ந்திருந்தது, முன்பாதத்தில் கோடுகள் புதுசு போல அப்படியே இருந்தன.

அவனிடம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் டிரில் (ஓட்டத்தின் ஓர் அசைவை மட்டும் பிரித்தெடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி) பற்றி நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் தகவலில் பாதி "இதைச் செய்" என்பதோடு நின்றுவிடுகிறது, எதற்கு என்பது வருவதில்லை. டிரில் செய்வதால் மட்டும் ஓட்டம் மாறாது. காலுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க டிரில், அந்தப் பழக்கத்தை நிஜ ஓட்டத்துக்குள் கொண்டுபோவது தனி வேலை. இந்த இரண்டாவது வேலையைச் செய்யாதவர்கள் ஆறு மாதம் டிரில் செய்தாலும் ஓட ஆரம்பித்த உடனே பழைய தொப் தொப்புக்கே திரும்பிவிடுவார்கள்.

இன்று உலகம் முழுக்கச் செய்யும் ஏ-ஸ்கிப், பி-ஸ்கிப் போன்ற டிரில்கள் எல்லாம் (செய்முறை கீழே வருகிறது) ஜெரார்ட் மாக் என்ற பயிற்சியாளர் வழியாகப் பரவியவை. போலந்துக்காரர், அந்நாட்டின் குறுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், பிறகு 1970களில் கனடாவுக்குப் போனார். வேக ஓட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் வேலை செய்யும் தசைக்குப் பலம் ஏற்றுவதுதான் அவர் நோக்கம். ஓட்டத்தின் அழகைத் திருத்த அவை உருவாகவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் டிரிலிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

மைலேஜ் கணக்கு

ஒரே வேகத்தில் போகும் இரண்டு பைக்கில் ஒன்று லிட்டருக்கு 60 கொடுக்கிறது, இன்னொன்று 45 கொடுக்கிறது. ஓட்டத்திலும் அதே கதைதான். ஒரே வேகத்தில் இரண்டு பேர் ஓடும்போது யாருக்குக் குறைவான ஆக்சிஜன் செலவாகிறதோ அவருக்கு மைலேஜ் அதிகம், கடைசி ரவுண்டில் அவரிடம்தான் மிச்சம் இருக்கும்.

இந்த மைலேஜ் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலரும் முதுகு நேராக இருக்கணும், கை இப்படி இருக்கணும் என்று ஆரம்பிப்பார்கள். எமில் ஸாட்டோபெக் என்ற செக்கோஸ்லோவாகியா வீரர் ஓடும்போது தலை ஒரு பக்கம் சாயும், முகம் கோணும், தோள் முறுகும். பார்த்தால் இப்போது விழுந்துவிடுவார் போலிருக்கும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் அவருக்குத்தான். மேலே என்ன நடந்தாலும் கீழே கால் சரியாக வேலை செய்தது.

கீழே என்ன நடக்கிறது? குதிகாலுக்கு மேலே கையால் தொட்டால் தெரியும் தடித்த தசைநாண், அக்கிலிஸ் என்பார்கள். பாதம் தரையில் இறங்கும்போது அது ரப்பர் மாதிரி இழுபட்டு, எழும்பும்போது அந்தச் சக்தியைத் திருப்பிக் கொடுக்கிறது. இந்த ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் தசைக்கு வேலை குறைவு. ஃபின்லாந்தில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல நிலையில் இருந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள் 9 வாரம் தங்கள் பயிற்சியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் துள்ளல், குதித்தல், சின்ன ஸ்பிரிண்ட் என்று மாற்றினார்கள். அவர்கள் உடம்பு எடுத்துக்கொள்ளும் அதிகபட்ச ஆக்சிஜன் அளவு கூடவில்லை, ஆனால் 5 கிலோமீட்டர் நேரம் குறைந்தது, மைலேஜ் கூடியது. டிரில்களில் மைலேஜ் தரக்கூடியவை இந்தத் துள்ளல் வகைதான் என்பது என் முடிவு.

இதற்கு நேர் எதிர் பக்கமும் உண்டு. 2005-இல் வெளியான இன்னோர் ஆய்வில் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) வீரர்கள் 12 வாரம் தங்கள் ஓட்ட முறையையே முழுசாக மாற்றி ஒரு புதிய பாணியைக் கற்றார்கள். எட்டு குட்டையானது, ஆக்சிஜன் செலவு குறையவில்லை, கூடியது. நம் உடம்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் தனக்குச் சௌகரியமான எட்டைத் தானாகவே ஓரளவு கண்டுபிடித்து வைத்திருக்கிறது, அதைத் தலைகீழாகப் புரட்டினால் அது திணறும். வலி எதுவும் இல்லாமல் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து உங்கள் காலடியை மாற்றாதீர்கள், துள்ளலை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

முதலில் பத்து நிமிடம் மெதுவோட்டம், உடம்பு சூடாகி நெற்றியில் லேசாக வியர்க்கும் வரை. அப்புறம் டிரில். ஓடி முடித்துக் களைத்த பிறகு டிரில் செய்யும் வழக்கம் நிறைய கிரவுண்டில் இருக்கிறது, அது வேண்டாம். களைத்த கால் தப்பாகத்தான் செய்யும், செய்த தப்பைத்தான் அது மனப்பாடம் செய்துகொள்ளும். இடம் புல் தரை அல்லது கெட்டியான மண் தரை. கடற்கரை மணலில் செய்தால் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, தளர்ந்த மணலில் பாதம் புதையும்போது ஸ்பிரிங் வேலையே நடக்காது, கெண்டைக்கால்தான் இரட்டிப்பாக உழைக்கும். மெரினாவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஈர மணல் கெட்டியாக இருக்கும் இடத்தில் வேண்டுமானால் செய்யலாம், ஆனால் கரை சாய்ந்திருக்கும் என்பதால் போகும் திசையையும் வரும் திசையையும் சமமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கணுக்கால் துள்ளலில் ஆரம்பியுங்கள். இரண்டு காலும் சேர்த்து, முட்டியை அதிகம் மடக்காமல், கணுக்காலால் மட்டும் நின்ற இடத்தில் துள்ளுவது. உயரம் முக்கியமில்லை, தரையில் இருக்கும் நேரம்தான் முக்கியம், சூடான தோசைக்கல்லில் கால் வைத்து எடுப்பது போல உடனே எடுக்க வேண்டும். காற்றில் இருக்கும்போது கால் விரல்கள் மேல்நோக்கி இருக்கட்டும். 20 விநாடி, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 20 விநாடி. முதல் இரண்டு வாரத்துக்கு இவ்வளவு போதும். வீட்டில் ஸ்கிப்பிங் கயிறு இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்தது ஏ-மார்ச், இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். நேராக நில்லுங்கள், உச்சந்தலையை யாரோ மேலே இழுப்பது போல. ஒரு தொடையைத் தரைக்குச் சமமாக உயர்த்துங்கள், பாதத்தின் முன்பகுதி முழங்காலைப் பார்த்து மேலே இழுத்திருக்கட்டும், எதிர்க் கை முன்னால் வரட்டும். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுவார்கள். அடுத்து காலை இறக்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது: பாதம் முன்னால் போய் விழக் கூடாது, இடுப்புக்கு நேர் கீழே வந்து பாதத்தின் முன்பகுதியில் இறங்க வேண்டும். ஒரு செங்கல்லை உங்கள் இடுப்புக்குக் கீழே வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு அதன் மேல் கால் வைப்பது போலச் செய்யுங்கள். 20 மீட்டர் நடந்து போய், மெதுவாகத் திரும்பி வந்து, இன்னொரு முறை.

நிறையப் பேர் தொடையை உயர்த்தும்போது இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்துவிடுவார்கள். சாய்ந்தால் பாதம் தானாக முன்னால் போய்விடும், எந்தப் பழக்கத்தை மாற்ற வந்தோமோ அதையே பயிற்சி செய்கிறோம் என்று ஆகிவிடும். தொடை அவ்வளவு உயரம் வரவில்லையா, பரவாயில்லை, குறைந்த உயரத்தில் நேராக நின்று செய்யுங்கள். நண்பரிடம் போனைக் கொடுத்து முட்டி உயரத்தில் பிடித்துப் பக்கவாட்டில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், முகத்துக்கு நேரே பிடித்தால் பாதம் எங்கே இறங்குகிறது என்று தெரியாது.

மார்ச் இரண்டு வாரம் சரியாக வந்த பிறகுதான் ஏ-ஸ்கிப். அதே அசைவு, நடுவில் ஒரு சின்னத் துள்ளல், நின்ற கால் தரையைத் தட்டி எழும்பும். ஒழுங்காகச் செய்தால் தட்-தட், தட்-தட் என்று ஒரே சீரான தாளம் கேட்கும். தாளம் பிசகினால் வேகத்தைக் குறையுங்கள். இதுவும் 20 மீட்டர், இரண்டு முறை.

பின்னால் உதைத்து ஓடும் டிரிலைப் பள்ளிக்கூடத்தில் பி.இ.டி. சார் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார். அதில் முட்டி தரையைப் பார்த்தபடியே நிற்க, குதிகாலை மட்டும் பின்னால் வீசி உதைப்பது வழக்கம். அப்படிச் செய்யாமல் முட்டியைச் சற்று முன்னால் கொண்டுவந்து, குதிகால் நேர் கீழிருந்து மேலாகப் பின்தொடைக்கு வரும்படி செய்தால் கால் மடங்கிச் சீக்கிரம் முன்னால் வரும் பழக்கம் கிடைக்கும். ஹை நீ (முட்டியை உயரத் தூக்கி ஓடும் டிரில்) செய்பவர்கள் செய்யுங்கள், ஏ-ஸ்கிப் இருக்கும்போது அது கட்டாயமில்லை.

பி-ஸ்கிப்பை நான் புதியவர்களுக்குச் சொல்வதே இல்லை. தொடையை உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே காலை முன்னால் வீசி நீட்டி, பிறகு தரையைப் பின்னோக்கி இழுப்பது அது. ஸ்பிரிண்டருக்குப் பின்தொடைப் பலத்துக்கு உதவும். ஆனால் ஏற்கெனவே காலை முன்னால் நீட்டி வைக்கும் ஒருவனுக்கு இன்னும் நீட்டு என்று சொல்லிக்கொடுப்பதாகத்தான் முடியும், பின்தொடைத் தசையும் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக ஸ்ட்ரைட்ஸ், டிரிலையும் நிஜ ஓட்டத்தையும் இணைக்கும் பாலம் இதுதான். 80 மீட்டர் தூரம். மெதுவாகத் தொடங்கி, நடுவில் முழு வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்து, கடைசி 20 மீட்டரில் தானாக அடங்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் அது ஸ்பிரிண்ட். தாடை தளர்ந்து, கை விரல்களுக்கு நடுவே ஒரு அப்பளம் இருந்தால் உடையாமல் பிடித்திருப்பது போல இருக்கட்டும். நடந்தே திரும்பி வந்து, மூச்சு முழுசாக அடங்கிய பிறகு அடுத்தது. நான்கு போதும், ஒரு மாதம் போன பிறகு ஆறு. அந்த வேகத்தில் ஓடும்போது பாதம் தானாகவே உடம்புக்குக் கீழே வந்து இறங்குவதை நீங்களே உணர்வீர்கள், அந்த உணர்வை ஞாபகம் வைத்துக்கொண்டு உடனே உங்கள் வழக்கமான ஓட்டத்தைத் தொடங்குங்கள்.

மொத்தம் பதினைந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு நாள். தினமும் செய்ய ஆசை வரும், வேண்டாம்.

எட்டை எண்ணுங்கள்

முட்டி வலிக்கு நேரடியாக உதவுவது எட்டு எண்ணிக்கை, ஓட்டக்காரர்கள் கேடன்ஸ் என்பார்கள். வேகத்தை மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் ஒவ்வொரு எட்டும் கொஞ்சம் குட்டையாகும், பாதம் உடம்புக்குப் பக்கத்தில் இறங்கும், முட்டி லேசாக மடங்கிய நிலையில் எடையை வாங்கும். அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 45 ஓட்டக்காரர்களை அவரவர் வழக்கத்தைவிட 5 சதவீதமும் 10 சதவீதமும் கூட்டி ஓடவிட்டுப் பார்த்தார்கள். 5 சதவீதத்திலேயே முட்டி வாங்கும் சுமை குறைந்தது, 10 சதவீதத்தில் இடுப்பு மூட்டுக்கும் குறைந்தது.

180 வரணும் என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் வீரர்களின் எட்டை எண்ணியதிலிருந்து வந்த எண் அது. ஒலிம்பிக் பந்தய வேகத்தில் ஓடியவர்களின் எண்ணிக்கை, அதுவும் பெரும்பாலோர் 180-க்கு மேல். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓடும் நமக்கு அது இலக்கு ஆகாது. நீளமான கால் உள்ளவருக்கும் குட்டையான கால் உள்ளவருக்கும் ஒரே எண் பொருந்தாது. உங்கள் எண்ணை எண்ணி, அதற்கு மேல் 5 சதவீதம், அவ்வளவுதான். 156 என்றால் 164. போனில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும்) செயலி இலவசமாகவே கிடைக்கும், அதில் 164 வைத்து ஒரு நிமிடம் அந்தத் தாளத்துக்கு ஓடுங்கள், நான்கு நிமிடம் வழக்கம்போல, மறுபடி ஒரு நிமிடம். வாரம் போகப் போக ஒரு நிமிடத்தை இரண்டு, மூன்று என்று நீட்டுங்கள். ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள்: எண்ணிக்கை கூடும்போது வேகமும் தானாகக் கூடிவிடும், மூச்சு வாங்க ஆரம்பித்தால் வேகம் ஏறிவிட்டது என்று அர்த்தம், எட்டைக் குட்டையாக்குங்கள்.

சுமை எங்கே போகிறது

இதைச் சொல்லாமல் டிரில் மட்டும் சொல்லிக்கொடுப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. முட்டியிலிருந்து சுமையைக் குறைத்தால் அது மாயமாகிவிடாது, கெண்டைக்காலுக்கும் அக்கிலிஸுக்கும் இறங்கும். ஹாங்காங்கில் புதிதாக ஓட வந்த 320 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரத்தில் 8 அமர்வு, டிரெட்மில்லில் திரையைப் பார்த்தபடி மெத்தென்று காலூன்றக் கற்றுக்கொடுத்தார்கள். அடுத்த 12 மாதத்தில் அவர்களுக்குக் காயம் மற்றவர்களைவிட 62 சதவீதம் குறைவு. ஆனால் வந்த காயங்களைப் பிரித்துப் பார்த்தால், பழையபடி ஓடியவர்களுக்கு முட்டியும் உள்ளங்காலும், கற்றுக்கொண்டவர்களுக்குக் கெண்டைக்காலும் அக்கிலிஸும். அங்கே கற்றுக்கொடுத்தது ஓடும்போதே மெத்தென்று இறங்குவதை என்பதையும் கவனியுங்கள், ஸ்கிப்பும் மார்ச்சும் அந்தப் பயிற்சியில் இல்லை.

எனக்கே நடந்தது இது. முட்டி வலிக்குப் பயந்து ஒரே வாரத்தில் முன்பாத ஓட்டத்துக்கு மாறினேன், முட்டி சரியானது, மூன்றாவது வாரம் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே கத்தி வைத்தது போல வலித்தது. நான்கு மாதம் ஓட முடியவில்லை. மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், தசை ஒன்றிரண்டு மாதத்தில் பழகும், தசைநாண் அதைவிட மெதுவானது, அதற்கு நாள் கொடுக்க வேண்டும்.

அதனால் டிரில் தொடங்கும் அன்றே கெண்டைக்கால் பயிற்சியையும் தொடங்குங்கள். வீட்டுப் படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைக் கீழே இறக்கி, மெதுவாக மேலே ஏறி, மெதுவாக இறங்கி, 15 முறை, மூன்று சுற்று. முட்டி நேராக வைத்து ஒரு நாள், லேசாக மடக்கி ஒரு நாள், மடக்கும்போது அடியில் இருக்கும் இன்னொரு தசைக்கு வேலை போகும். இரண்டு காலில் சுலபமான பிறகு ஒற்றைக் காலில்.

டிரில் செய்த மறுநாள் கெண்டைக்கால் முழுக்கப் பரவலாக வலித்தால் பயப்பட வேண்டாம், இரண்டு நாளில் போய்விடும். ஒரு விரலை வைத்து இங்கேதான் என்று எலும்பின் மேல் ஒரே புள்ளியைக் காட்ட முடிகிற வலி, முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் இருந்தால், அது வேறு. எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம், அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள், தைலம் தேய்த்துக்கொண்டு ஓடாதீர்கள். தேர்வுத் தேதி நெருங்குகிறது என்று அந்த வலியோடு ஓடி, தேர்வையே விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி முதல் பத்து நாள் ஓடும் தூரத்தைப் பாதியாகக் குறைத்தான். அதற்கு அவனைச் சம்மதிக்க வைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஏ-மார்ச்சில் இரண்டு வாரம் பின்னால் சாய்ந்துகொண்டே இருந்தான், வீடியோவில் பார்த்த பிறகுதான் நம்பினான். நான்காவது வாரம் கெண்டைக்கால் இறுகியது, மூன்று நாள் ஓய்வு கொடுத்தோம். ஏழாவது வாரம் மறுபடி டிராக் ஓரம் நின்று எண்ணினேன். 30 விநாடிக்கு 41. எதிர்ப்பக்கம் அவன் போகும்போது காலடிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஓடி முடித்து வந்தவனிடம் வலிக்கிறதா என்று கேட்டதற்கு, காலரியில் பத்துப் படி ஏறி, திரும்பி, கைப்பிடியைத் தொடாமல் இறங்கி வந்தான்.